செருப்பு மட்டும் இருக்கிற படம்

“என்ன படிச்சிருக்கீங்க?” என்று அவர் கேட்டபோது என் கையில் ஒரு கறிவேப்பிலைக் கன்று இருந்தது. பெருங்களத்தூரில் புதிதாக எழும்பியிருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தோம். கேட்டவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். மாடி முழுக்க இயற்கை முறையில் காய்கறித் தோட்டம் போட வேண்டும், போட்ட பிறகு பார்த்துக்கொள்ளவும் ஓர் ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“ஒன்பதாவது சார்.”

“அது இல்லங்க. இந்த ஆர்கானிக் ஃபார்மிங்ல கோர்ஸ், ட்ரெய்னிங், அந்த மாதிரி எதாவது? ரெசிடென்ட்ஸ் கேப்பாங்க இல்ல?”

நான் கன்றைப் பார்த்தேன். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் குரோம்பேட்டையில் ஒரு வீட்டு மாடிக்கு நான் தொட்டி வைத்துக் கொடுத்திருந்தேன். தண்ணீர் இறங்கி, கீழே படுக்கையறைக் கூரை ஊறி, சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. அது இவர் காதுக்கு வந்திருக்குமோ என்றுதான் என் மனம் ஓடியது. வரவில்லை போலிருக்கிறது.

“மார்ச்ல ஆரம்பிக்கலாம்னு இருக்கோம்” என்றார் செயலாளர். “அதுக்குள்ள எங்கயாவது போய் ஒரு ட்ரெய்னிங் எடுத்துட்டு, ஒரு சர்டிஃபிகேட்டோட வாங்க. மீட்டிங்ல நானே பேசறேன்.”

பக்கத்துக் காலிமனையில் நான் செடி விற்றுக்கொண்டிருந்தேன். தகரத்தில் நர்சரி என்று எழுதி மாட்டியிருப்பேன். மனைக்காரர் அந்த ஊரின் பழைய குடும்பம். ஒரு காலத்தில் நெல் விளைந்த இடமாம் அது. இப்போது அவரும் அங்கே அடுக்குமாடி கட்டப் போவதாகச் சொல்லி, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வேறு இடம் என்று எதுவும் இல்லை. அந்த மொட்டைமாடி கிடைத்தால் பிழைத்தேன், இல்லாவிட்டால் யார் வீட்டுக் காம்பவுண்டிலாவது வாட்ச்மேன் வேலைதான் என்ற நிலைமை.

நான் எதற்கும் பயப்படுகிறவன். சிலிண்டரை மூடினேனா என்று பஸ் ஏறிய பிறகு இறங்கி வீட்டுக்கு வந்து பார்க்கிறவன். பள்ளிக்கூடத்தை விட்டதுகூட அப்படித்தான். ஒன்பதாவதில் கணக்கில் தவறிவிட்டேன். மறுபடி அதே வகுப்பில் சின்னப் பையன்களோடு உட்கார்ந்தால் என்ன சொல்வார்களோ என்று பயந்து போகாமலே இருந்துவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

என் தங்கை மலேசியாவில் ஈப்போவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தை மாதம் அவர்கள் புதுவீடு குடிபோவதாக இருந்தது. வந்தே ஆக வேண்டும் என்று டிக்கெட்டை அவளே எடுத்து அனுப்பிவிட்டாள். போனில் நான் இந்தச் சர்டிஃபிகேட் புலம்பலைப் புலம்ப, தங்கை வீட்டுக்காரர் வாங்கிப் பேசினார். அந்த ஊர்த் தமிழில் பேச்சு முடிகிற இடத்தில் ஒரு ‘லா’ ஒட்டிக்கொள்ளும்.

“மச்சான், இங்க ஒரு தோட்டம் இருக்கு லா. இயற்கை விவசாயம் சொல்லித் தராங்க. வெள்ளக்காரப் புள்ளைங்கள்லாம் வந்து தங்கிப் படிக்குதுங்க. ரெண்டு வாரம். காலையில வேல, மத்தியானம் கிளாஸ். சாப்பாடு, படுக்க இடம் எல்லாம் சும்மா. கடைசியில சர்டிஃபிகேட். நான் சொல்லி வைக்கறேன்.”

மொட்டைமாடி தாங்குகிற மண்ணின் பாரம், தண்ணீர் கீழே இறங்காமல் வடிகால் வைக்கிற முறை, வேர் தளத்தைத் துளைக்காமல் பார்ப்பது, இதெல்லாம்கூட அங்கே ஒரு பாடமாம். குரோம்பேட்டைக் கூரை எனக்குக் கண்முன் வந்தது. போய்விட்டு வருவது என்று முடிவு செய்தேன்.

விமானம் ராத்திரிதான். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருகிற நாள் அது, ஜி.எஸ்.டி. ரோடு நகராது என்று நான் காலையிலேயே கிளம்பி நின்றேன். நாங்கள் இருப்பது அஸ்தினாபுரம். அங்கிருந்து விமான நிலையம் எட்டிப் பார்க்கிற தூரம்.

“இன்னாய்யா இது, ஏர்போர்ட்ட தொறக்கறதே நீதானா?” என்றாள் என் மனைவி. “குந்தி ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போ. பிளேன் உன்ன வுட்டுட்டு ஓடிடாது.”

“ஓடிடுச்சுன்னா?”

“ஓடிடுச்சுன்னா வூட்டுக்கு வா. உன்ன யாரு தேடப் போறா, நான்தான் தேடணும்.”

பாஸ்போர்ட், அதன் ஜெராக்ஸ், திரும்பி வரும் டிக்கெட், அதன் ஜெராக்ஸ், தங்கையின் வீட்டு விலாசம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, இடுப்பில் கட்டுகிற பையில் வைத்துக்கொண்டேன். மலேசியாவை விட்டுத் திரும்பும்வரை அந்தப் பை என் இடுப்பை விட்டு இறங்கவில்லை. குளிக்கும்போது ஆணியில் மாட்டி, அதைப் பார்த்துக்கொண்டே குளித்தேன்.

புதுவீட்டு விருந்து முடிந்து, தங்கை வீட்டுக்காரர் என்னைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டார். ஈப்போவைத் தாண்டி ஒரு மலையடிவாரம். தோட்டத்து முதலாளி பெரிய கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். அரைக்கால் சட்டை, தொப்பி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. சிரித்த முகம். நான் வணக்கம் சொன்னதும் கை கொடுத்து ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார். நான் “யெஸ் சார்” என்றேன். மறுபடி கேட்டார். மறுபடியும் “யெஸ் சார்.” அவர் சிரித்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

“பசியாறிட்டியா?”

காலைப் பலகாரம் ஆயிற்றா என்பதை அங்கே அப்படித்தான் கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்டார். மற்றவர்களையெல்லாம் அவர் கைகுலுக்கிப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார். என்னை “அடுப்படிப் பக்கம் போ, அங்க இருக்கும்” என்றார். போனேன். அது எனக்குத் தப்பாகப் படவில்லை.

பயிற்சிக்கு வந்திருந்தவர்கள் எல்லாரும் சின்ன வயசு. ஒரு பிரான்ஸ் தேசத்துப் பெண், ஜெர்மனிப் பையன்கள், ஜப்பானிலிருந்து ஒரு தம்பதி. நீளமான அறையில் அடுக்குக் கட்டில்களில் எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். வெள்ளை விரிப்பும் கொசுவலையும் இருந்தன. அன்று இரவு என் மனைவிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். “ஆஸ்பத்திரி மாதிரி கீது” என்று பதில் வந்தது.

அங்கே விதி எளிமையானது. காலையில் எல்லாரும் பாத்தியில் வேலை செய்ய வேண்டும். பழைய கார்ச்சக்கரம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதைத் தட்டினால் வேலை முடிந்தது. அதன்பிறகு யாரும் மண்வெட்டியைத் தொட வேண்டியதில்லை. சாப்பிட்டு, படுத்து எழுந்து, மத்தியானம் கொட்டகையில் நடக்கும் வகுப்புக்கு வந்தால் போதும்.

அந்தச் சக்கரத்தைத் தட்டியதும் அந்தப் பிள்ளைகள் மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டுப் போகும். வெட்டின வரப்பு பாதியில் நிற்கும். என்னால் அப்படி விட முடியவில்லை. ஒருத்தர் வீட்டில் காசு கொடுக்காமல் சாப்பிடுகிறோம், படுக்கிறோம். மணி அடித்ததும் கை கழுவினால் என்ன நினைப்பார்கள்? வரப்பை முடித்துவிட்டு, மண்வெட்டிகளையெல்லாம் கழுவிச் சாத்திவிட்டுத்தான் சாப்பிடப் போவேன். போகும்போது மற்றவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். நான் அடுப்படியில் நின்றபடி சாப்பிட்டுத் தட்டைக் கழுவி, கழுவுகிற கையோடு மற்ற நாலு தட்டையும் கழுவி வைப்பேன். முதலாளி வந்தால் எழுந்து நிற்பேன். வகுப்புக் கொட்டகைக்குள் போகுமுன் செருப்பைப் படியிலேயே விட்டுவிடுவேன். பாடம் நடக்கிற இடத்தில் செருப்போடு எப்படி? மற்றவர்கள் சேறு படிந்த பூட்ஸோடு பெஞ்சின் மேல் கால் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். நான் கடைசி பெஞ்சில் காலை ஒடுக்கி உட்காருவேன்.

இதையெல்லாம் நான் மரியாதை என்று நினைத்துச் செய்தேன். பார்க்கிறவர்களுக்கு அது வேறொன்றாகத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான் பயப்படாமல் செய்தது இது ஒன்றைத்தான்.

இந்தியாவிலிருந்து போனவனை அங்கே ஊர்க்காரன் என்பார்கள். தாம்பரத்தில் யாராவது ஊர்க்காரர் என்றால் நமக்கு நெருங்கினவர் என்று பொருள். அங்கே அது பிழைக்க வந்தவன் என்பதற்கான பெயர். இரண்டு நாளில் முதலாளி மற்ற எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட, நான் ஊர்க்காரர் ஆனேன்.

“ஊர்க்காரரே, அந்தக் குழாய் அடைச்சிருக்கு, கொஞ்சம் பாத்துடு.”

“சரிங்க சார்.”

“ஊர்க்காரரே, கோழிக் கூண்டு கழுவணும் லா.”

“பரவாயில்ல சார், நான் பாத்துக்கறேன்.”

பரவாயில்ல சார். அந்த இரண்டு வாரத்தில் நான் அதிகம் பேசிய தமிழ் அதுதான்.

முதல் வாரம் முடிகிறபோது புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். கட்டில் போதவில்லை. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரல் ரொம்பத் தணிவாக இருந்தது.

“உனக்கு இந்தப் புள்ளைங்களோட பேச்சுத்தொணை இல்ல, கஷ்டமா இருக்கும். கீழ ஆளுங்க தங்கற ஷெட்ல ஒரு ராம்நாட்டுக்காரன் இருக்கான். அங்க போய்ப் படுத்துக்கறியா? ரெண்டு நாளைக்குத்தான்.”

“பரவாயில்ல சார்” என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அந்த இரண்டு நாள் முடியவே இல்லை.

கீழே கூலிக்கு வேலை பார்க்கிறவர்களின் தகரக் கொட்டகை. வங்காளதேசத்து ஆட்கள் சிலர், அவர்களோடு இராமநாதபுரம் பக்கத்து ஆள் ஒருத்தர். என் வயதுதான் இருக்கும். வந்து பல வருஷம் ஆகிவிட்டதாம். ஏஜெண்ட் கைவிட்டதில் வேலை பெர்மிட் காலாவதியாகி, ஊருக்கும் போக முடியாமல் வெளியேயும் நடமாட முடியாமல் அந்தத் தோட்டத்துக்குள்ளேயே கிடந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“வாங்கண்ணே. சம்பளம் எம்புட்டுப் பேசியிருக்காக?”

“சம்பளம் இல்லங்க. நான் ட்ரெய்னிங்குக்கு வந்திருக்கேன்.”

“எதுக்கு?”

“மண்ணு, உரம், தோட்டம் போடறது… கத்துக்கறதுக்கு.”

அவர் அதைப் பக்கத்தில் இருந்தவனுக்கு அவன் பாஷையில் சொன்னார். கொட்டகையே சிரித்தது.

“மெட்ராஸ்லேர்ந்து ஏரோப்ளேன் ஏறி வந்து, ஓசியில கோழிப் பீ அள்ளுறீகளா? நல்ல படிப்புண்ணே. நாங்கள்லாம் இதுல டாக்டர் பட்டம் வாங்கியிருப்போம்.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சோறு அவர் கையால்தான் வந்தது. கருவாட்டுக் குழம்பு. அடுப்படியில் நின்று சாப்பிட்ட ரொட்டியைவிட அது நன்றாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

அந்தக் கொட்டகையில்தான் நான் புதிதாக ஒரு பயத்தைக் கற்றுக்கொண்டேன். பாஸ்போர்ட், பெர்மிட் சோதிக்கிற குடிநுழைவு அதிகாரிகள் எப்போது வேண்டுமானாலும் வருவார்கள். கதவில் சின்னம் போட்ட ஜீப் மேடேறி வந்தால், முதலில் பார்க்கிறவன் விசில் அடிப்பான். உடனே எல்லாரும் பின்பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோப்புக்குள் இறங்கி ஓடிவிட வேண்டும். தோப்புக்கு நடுவே ஒரு வாய்க்கால் உண்டு, அதுதான் இடம். இராமநாதபுரத்தார் பஸ் நிலையத்துக்கு வழி சொல்வதுபோல இதைச் சொன்னார்.

“உங்களுக்கு என்னண்ணே, நீங்க சுத்திப் பாக்க வந்த ஆளு. பாஸ்போர்ட் வச்சிருக்கீக. காலாட்டிக்கிட்டு உக்காந்திருக்கலாம்.”

நான் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். சுற்றுலா முத்திரை. வேலை செய்யக் கூடாது என்று அதற்கு அர்த்தமாம். மறுநாள் மூச்சு வாங்க மேட்டில் ஏறி நின்று தங்கை வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

“நான் இங்க மண்ணு வெட்டிட்டு இருக்கேனே மாப்ள, புடிச்சா?”

“அது வேல இல்ல லா மச்சான், வாலண்டியர். அங்க வெள்ளக்காரப் புள்ளைங்களும் அதே முத்திரையிலதான் வந்திருக்கு.”

“அவங்களையும் புடிப்பாங்களா?”

“அவங்கள எதுக்குப் புடிக்கறாங்க?” என்றார். அதன்பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று.

வகுப்பைச் சொல்கிறேன். அதற்காகத்தானே போனேன். முதல் சில நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். ஆங்கிலம்தான். ஆனால் முதலாளி பலகையில் படம் போட்டுச் சொன்னார், பாதி புரிந்தது. பிரான்ஸ் தேசத்துப் பெண் தன் நோட்டைக் காட்டுவாள். அதற்குப் பிறகு மத்தியானமும் வேலை வர ஆரம்பித்தது. கடைசி நாளில் அரசாங்க விவசாய இலாகாவிலிருந்து ஒரு பெரிய அதிகாரி தோட்டத்தைப் பார்க்க வருகிறாராம். அதற்குள் உரக்குவியல் முழுவதையும் புரட்டி, பாதையெல்லாம் சரளை போட வேண்டும்.

“உனக்குத்தான் மண்ணு வேல தெரியுமே, கிளாஸ்ல உக்காந்து என்ன பண்ணப் போற?” என்றார் முதலாளி, தோளில் தட்டி. பாராட்டாகத்தான் சொன்னார்.

மொட்டைமாடிப் பாடம் நடந்த அன்றைக்கும் நான் உரக்குவியலின் மேல்தான் நின்றிருந்தேன். அன்றைக்குத்தான் அந்தப் பாடம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அங்கிருந்து பார்த்தால் கொட்டகை தெரியும். முதலாளி பலகையில் கட்டம் கட்டமாக ஒரு கட்டடம் வரைந்து, அதன் தலையில் பச்சை மையால் செடி போட்டார். அடியில் அம்புக்குறி போட்டு ஏதோ எழுதினார். தண்ணீர் எங்கே போக வேண்டும் என்பதாக இருக்கும். அந்தத் தூரத்துக்கு எழுத்து தெரியவில்லை. கையில் முட்கரண்டி மாதிரி ஒரு கருவி, காலடியில் ஆவி பறக்கும் குப்பை. இறங்கிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. “சார், இந்த ஒரு கிளாஸ் மட்டும்” என்று கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன நினைப்பாரோ என்று நின்றேன். சாயங்காலம் பலகையைப் போய்ப் பார்த்தேன். துடைத்திருந்தார்கள்.

சரி, பாடம் போனால் போகிறது, சர்டிஃபிகேட் வந்தால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். குரோம்பேட்டைக் கூரைக்கு யாரையாவது கேட்டுக்கொள்ளலாம்.

கடைசி நாள். முந்தின நாளே சட்டை துவைத்துக் காயப்போட்டு, காலையில் தலைக்குக் குளித்து, கொட்டகைப் படியில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய் பெஞ்சுகளைத் துடைத்து அடுக்கினேன். அதிகாரி மத்தியானம் வருவார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். கீழ்க்கொட்டகை ஆட்களுக்கு அதுவும் சொல்லப்படவில்லை. தண்ணீர் தெளிக்கலாம் என்று குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு இறங்கினேன். இராமநாதபுரத்தாரும் மற்றவர்களும் அங்கேதான் நின்றிருந்தார்கள். அப்போது வளைவில் ஒரு ஜீப் ஏறி வந்தது. கதவில் சின்னம்.

விசில் கேட்டது. யார் அடித்தது என்று தெரியவில்லை.

நான் யோசிக்கவில்லை. இதைப் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். யோசித்ததாக ஞாபகமே இல்லை. குடம் உருண்டது. வெறுங்காலோடு, எல்லாருக்கும் முன்னால், நான் ஓடிக்கொண்டிருந்தேன். செம்பனை மட்டைகளின் முள் குத்தியது. தோப்புக்குள் இறங்கி, வாய்க்காலில் குதித்து, இடுப்பளவுச் சேற்றில் குனிந்து உட்கார்ந்தேன். துவைத்த சட்டை. ஒவ்வொருத்தராக வந்து விழுந்தார்கள். மூச்சுச் சத்தம்தான். என் முழங்காலில் அட்டை ஊர்ந்தது. தட்டிவிடக்கூடப் பயம்.

இராமநாதபுரத்தார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ரகசியமாகக் கேட்டார்.

“எங்களுக்குப் பேப்பர் இல்ல, நாங்க ஓடுனோம். நீங்க ஏண்ணே ஓடுனீக?”

நான் இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். பை இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் கவருக்குள் பாஸ்போர்ட், ஜெராக்ஸ், டிக்கெட், அதன் ஜெராக்ஸ், எல்லாம் ஒரு சொட்டு நனையாமல் இருந்தன.

“கால் ஓடிடுச்சுங்க” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மேலேயிருந்து கைதட்டல் சத்தம் வந்தது. கொஞ்சம் நிற்கும், மறுபடி வரும். ஆளைப் பிடிக்க வந்தவர்களுக்கு யாரும் கை தட்ட மாட்டார்கள். அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. விவசாய இலாகா ஜீப். அதிகாரி சீக்கிரமே வந்துவிட்டார். மேலே சர்டிஃபிகேட் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

“போங்கண்ணே, உங்க பட்டமளிப்புத்தான்” என்றார் இராமநாதபுரத்தார். “ஓடுங்க, இப்ப ஓடுனா நாயம் இருக்கு.”

நான் ஓடவில்லை. இடுப்புவரை சேற்றோடு எப்படிப் போய் நிற்பது? குழாயடியில் கால் கழுவி, சட்டையைப் பிழிந்து போட்டுக்கொண்டு ஏறிப் போகும்போது ஜீப் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு தாளை வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி என்னைப் பார்த்துத் திகைத்தார். “என்ன ஊர்க்காரரே, வாய்க்கால்ல விழுந்துட்டியா?”

“சார், என்னோட சர்டிஃபிகேட்…”

அதைக் கேட்க எனக்கு இரண்டு வாரம் ஆகியிருந்தது.

“உனக்கா?” அவர் முகத்தில் நிஜமான ஆச்சரியம். “நீயும் கோர்ஸ்லயா இருந்த? கிளாஸுக்கே வரலியே லா.”

“உரம் பொரட்டச் சொன்னீங்க சார்.”

அவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அந்தச் சங்கடத்தை மறைக்கத்தான் சிரித்தார் என்று இப்போது நினைக்கிறேன். “ஜீப்பப் பாத்து ஆளுங்களோட ஓடினியாமே. நம்ம தோட்டத்து டிரைவர் சொல்றான். ஸ்டூடண்ட்டா இருந்தா ஏன்யா ஓடற?”

இதே கேள்வியை வாய்க்காலிலும் கேட்டார்கள். அங்கேயாவது ஒரு பதில் சொன்னேன். இங்கே? ஓடினவன் எந்த வாயால் நான் மாணவன் என்று சொல்வான்?

“சர்டிஃபிகேட் எதுக்கு உனக்கு? உன்ன மாதிரி வேலையாள் கிடைக்கறது கஷ்டம். ஊருக்குப் போய் யோசி. பெர்மிட் நான் எடுத்துத் தரேன், வந்துடு. இவனுங்களுக்கெல்லாம் நீ மேஸ்திரி.”

கை கூப்பினேன். “பரவாயில்ல சார்” என்று சொல்லிவிட்டேன்! எதற்குப் பரவாயில்லை என்றேன் என்று எனக்கே தெரியவில்லை. கிளம்பும்போது அவர் ஒரு பாட்டில் உரக்கரைசலும் கொஞ்சம் இஞ்சியும் கொடுத்தார். சுங்கத்தில் பிடிப்பார்களோ என்று விமான நிலையக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

பிரான்ஸ் தேசத்துப் பெண் ஒருத்திதான் நான் படத்தில் இல்லை என்பதைக் கவனித்தாள். என் நம்பர் வாங்கி, அந்தப் படத்தை அனுப்பி வைத்தாள். எல்லாரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். நடுவில் அதிகாரி, பக்கத்தில் முதலாளி. கொட்டகைப் படியின் ஓரத்தில், ஜோடியாக, என் செருப்பு இருக்கிறது.

வீட்டில் மனைவி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“இது உன் செருப்பு இல்ல?”

“ஆமா.”

“நீ எங்க?”

சொன்னேன். வாய்க்கால்வரை சொன்னேன். முதலில் சிரித்தாள். “பிளேன் ஏறிப் போய் மண்ணு வெட்டிட்டு வந்துகீறாரு. அத இங்கயே வெட்டலாமே, பெருங்களத்தூருக்கு பஸ்ஸு பத்தாது?” பிறகு என் காலைப் பார்த்தாள். முள் குத்தின இடம் பழுத்திருந்தது. எழுந்து போய் மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்தாள். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் கேலி செய்துகொண்டே இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மார்ச் மாதம் செயலாளரைப் பார்க்கப் போனேன். குடியிருப்பின் அலுவலக அறை, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நான் நின்றேன். உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். அந்தப் படத்தைக் காட்டினேன். வேறு என்ன இருந்தது என்னிடம்?

“சூப்பர்ங்க! ஃபாரின்லயே போய்ட்டு வந்துட்டீங்களா?” இரண்டு விரலால் படத்தை விரித்தார். இடமிருந்து வலமாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “இதுல நீங்க எங்க?”

“நான் அப்ப வேலையா இருந்தேன் சார்.”

“வேலையாவா? ட்ரெய்னிங் போனீங்க இல்ல?”

“வேலதான் சார் செஞ்சேன்.”

பொய் சொல்லியிருக்கலாம். நான்தான் படம் எடுத்தேன் என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? மனைவிகூட அதைத்தான் சொல்லச் சொல்லி அனுப்பினாள். ஆனால் நாளைக்கு மழை பெய்து இவர்கள் வீட்டுக் கூரையும் ஊறினால் என்ன செய்வேன் என்ற பயம் அதற்குள் வந்துவிட்டது. தண்ணீர் எங்கே போக வேண்டும் என்பது இன்னும் எனக்குத் தெரியாது.

செயலாளர் போனைத் திருப்பிக் கொடுத்தார். நல்ல மனிதர், முகத்தைச் சுளிக்கவில்லை. “ஒண்ணு பண்ணலாம். டிசைன் பண்றதுக்கு ஒரு மேடம் வராங்க, கோர்ஸ்லாம் முடிச்சவங்க. மண்ணு ஏத்தறது, தொட்டி வெக்கறது, தெனம் தண்ணி விடறது, இதுக்கு ஆள் வேணும். நீங்க அனுபவஸ்தர். பாத்துக்கறீங்களா?”

என்ன சொல்லியிருப்பேன் என்று தெரிந்ததுதானே.

இப்போது தினமும் காலையில் அங்கே போகிறேன். மேடம் வாரம் ஒருமுறை வந்து, மண் கலவை, வடிகால் எல்லாவற்றையும் மடிக்கணினியில் பார்த்துச் சொல்வார். நல்லபடியாகத்தான் சொல்வார். அவர் போனதும் வடிகால் குழாயைக் குனிந்து பார்ப்பேன். கேட்டால் சொல்லித் தருவார் என்றுதான் தோன்றுகிறது. இன்னும் கேட்கவில்லை. கத்தரி காய்க்கிறது, வெண்டை காய்க்கிறது, கூரை ஒழுகவில்லை. மனைக்காரர் என் தகரப் பலகையைக் கழற்றிவிட்டார்.

முதல் நாள் மண்மூட்டையோடு கீழ்த்தளத்தில் நின்றபோது, வாட்ச்மேன் கையை நீட்டி, “அண்ணா, அந்த லிஃப்ட் வேணாம், ரெசிடென்ட்ஸ் போறது. பின்னாடி சர்வீஸ் லிஃப்ட் கீது, அதுல போங்க” என்றார். அவர் மேல் தப்பில்லை, அவருக்குச் சொன்னதை அவர் சொல்கிறார்.

அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே என் கால் பின்பக்கம் திரும்பியிருந்தது.